வளர்கிற கார்

காரைத் துடைப்பது சர்வேயரின் வேலை. காரைத் துடைத்த துணியைத் துவைப்பது அவர் மனைவியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து தான் டீ குடித்த டம்ளரை நகர்த்தி வைத்தும் அறியாத மனிதர், ஷெட்டில் நின்ற அந்த நீளமான கருநீலக் காரை மட்டும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பேப்பர் படித்து முடித்ததும் ஒரு தடவை, தெருவில் ஏதாவது லாரி புழுதி கிளப்பிவிட்டுப் போனால் கூடுதலாக ஒரு தடவை என்று துடைத்துக்கொண்டிருந்தார். பழைய பனியன் ஆகாது, தையல் விளிம்பு கீறும். துண்டு ஆகாது, நூல் ஒட்டும். மெத்தென்ற வெள்ளை ஃபிளானல்தான் வேண்டும். அதையும் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

"பச்சைப் பிள்ளைக்குக்கூட நாம இவ்வளவு பாக்கலைங்க" என்றாள் அவள் ஒருநாள், துணியைப் பிழிந்துகொண்டே.

"பச்சைப் பிள்ளைக்குப் பாலிஷ் போகாதே" என்றார் அவர்.

தெருவில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி. பாவாடையோ கால்சட்டையோ, உள்ளே நான்கு விரல் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பாள். பிள்ளை வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வேறு கடைகளில் ஒரு விரல் விடுவதற்கே மூக்கால் அழுவார்கள். அதனால் அம்மாக்கள் எல்லாம் இவளிடம் வந்தார்கள். யாரும் சொல்லக்கூட வேண்டாம், கை தானாக மடித்துக்கொண்டு போகும். தலையணை உறை தைத்தாலும் உள்ளே நான்கு விரல் இருக்கும்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் அந்த ஷெட், கட்டும்போது காருக்காகக் கட்டியதே இல்லை. டெய்லரக்காவின் தையல் அறையாகத்தான் கட்டினார்கள். மெஷினில் உட்கார்ந்தால் இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும் என்று கொத்தனார் பக்கத்திலேயே நின்று ஜன்னலுக்கு இடம் காட்டியவள் அவள். முழங்கால் உயரத்தில் பிளக் வைக்கச் சொன்னவளும் அவள்தான். இல்லாவிட்டால் கார் நிறுத்தும் ஷெட்டுக்கு ஜன்னல் எதற்கு? முன்பக்கத்தை மட்டும் அகலமாகத் திறந்து விடச் சொன்னவர் சர்வேயர். கூரை போட்டுக் கொத்தனார் சாமான்களை எடுத்துக்கொண்டு போன அதே வாரத்தில், கயிறு கட்டி இழுத்துவர அந்தக் கார் வந்து சேர்ந்தது. சக்கரம் நான்கிலும் காற்று இல்லை. உள்ளேயிருந்து இரண்டு எலிகள் இறங்கி, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போயின.

"கொஞ்ச நாளைக்குத்தான். ரெடி பண்ணி வித்துட்டேன்னு வை, ஷெட்டு உனக்கு" என்றார் சர்வேயர்.

அந்தக் கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் இரண்டு தடவை திறந்து இரண்டு தடவை மூடிவிட்டது. டெய்லரக்காவின் மெஷின் அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் கிடந்தது. வீட்டில் யாருக்கு அவசரம் வந்தாலும் அவள் எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். சர்வேயருக்குச் சர்க்கரை வேறு. ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் அவள் நாலு தடவை எழுந்து நின்றாள்.

இத்தனைக்கும் அவர் கார்ப் பைத்தியம் பிடித்த ஆள் இல்லை. பணியில் இருந்த காலம் முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்பிட்டவர். அவர் போய் நின்றாலே வண்டிக்காரர்கள் பழைய ரசீதுகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு விளக்கை மாற்றிப் போட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஒரு கதவு வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால் கீலைப் பார்த்தே சொல்லிவிடுவார். "ஒரிஜினல்தான் சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதர் தொலைந்தார். "ஒண்ணுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும் சொல்லுவான்" என்பது அவருடைய சட்டம். பழுது பார்க்க லாயக்கில்லை என்று நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். அப்படி எத்தனையோ பேருடைய வண்டிகளை இரும்புக் கடைக்கு அனுப்பியவர், ஓய்வு பெற்றதும் அதே மாதிரி ஒரு இரும்புக் கடைக்குத் தானே போய், முன்பானால் இறங்கிக்கூடப் பார்க்காமல் தள்ளியிருக்கக்கூடிய ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார்.

"பின் சீட்டுக்காரருக்கு மடக்கு மேஜை இருக்கு பாரு. கால் வைக்க மெத்தை. ஜன்னலுக்குத் திரை. எப்பேர்ப்பட்ட ஆளு உக்காந்து போயிருப்பான்!"

"இப்ப எலி உக்காந்து போயிருக்கு" என்றாள் அவள்.

பிறகு கார் வீட்டுக்குள் வரத் தொடங்கியது. முழுதாக வரவில்லை, பாகம் பாகமாக வந்தது. முன் பம்பர் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. இரவில் காலை நீட்டினால் சில்லென்று இடிக்கும். விளக்குகள் இரண்டும் பீரோவில், அவளுடைய நல்ல புடவைகளுக்கு நடுவில், கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருந்தன. ஸ்டீயரிங், காலண்டரை இறக்கிவிட்டு அந்த ஆணியில் ஏறியது. ஒருநாள் அவள் அடுக்களைக்குப் போனால் அவளுடைய குக்கரில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் திருகாணிகள்.

"துரு போகறதுக்கு. சோடா போட்டிருக்கேன். கையை வச்சிடாதே" என்றார்.

"எத்தனை விசில் விடணும்?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

புதுத் திருகாணி கடையில் கிடைக்கும். வேண்டாம் என்றுவிட்டார். ஒரிஜினல் திருகாணிதான் போட வேண்டும். சிகரெட் சாம்பல் கிண்ணத்தின் மூடியைத் தேடி இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். ஜென்மத்தில் ஒரு சிகரெட் பிடித்தவர் இல்லை. டாஷ்போர்டில் ஒரு கடிகாரம் இருந்தது. அது ஓடவில்லை. ஓட வைக்க வேண்டுமானால் உள்ளே மாற்ற வேண்டும் என்று கடிகாரக் கடைக்காரர் சொன்னதும், "அப்ப நிக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்ஜின் வேலைக்கு ஒரு மெக்கானிக் வந்துபோனார். அவருக்கு அந்தத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். இவர் ஒரிஜினல் வேண்டும் என்பார், அவர் நாளைக்கு என்பார். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது, சீட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சீட் வேலை செய்கிற ஒருவர் வந்தார். எந்தத் தோல், எந்த நூல், எந்த ஊசி, இதற்கு முன்னால் எந்த வண்டிக்குச் செய்தாய், அந்த வண்டி இப்போது எங்கே என்று சர்வேயர் பழைய பழக்கத்தில் குறுக்கு விசாரணை நடத்த, அவர் அளவு நாடாவை மறந்து வைத்துவிட்டு ஓடிப்போனார். அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே டெய்லரக்கா சொன்னாள்:

"நான் தைச்சுத் தரவா?"

"இது என்ன ரவிக்கையா?"

"ரவிக்கைதான் கஷ்டம். சீட்டு மூச்சு விடாது."

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். முன்பு பள்ளிக்கூடப் பைகள் தைத்த காலத்தில் வாங்கிய கனமான மெஷின் ஒன்று அவளிடம் இருந்தது. பழைய உறையை ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, பழுப்புத் தாளில் வைத்து வரைந்து, எது எதோடு சேரும் என்று சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டாள். தோல் துணி மாதிரி இல்லை. ஊசி ஒருமுறை தவறான இடத்தில் இறங்கிவிட்டால் அந்த ஓட்டை அப்படியே நின்றுவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தாள். ஊசிகள் ஒடிந்தன. கட்டைவிரல் நகம் கறுத்தது. பின் சீட்டின் உறை, தைக்கும்போது, அடுக்களை வாசலிலிருந்து குளியலறை வாசல் வரைக்கும் ஒரு மாட்டைப் போலப் படுத்துக் கிடந்தது. சர்வேயர் அவசரத்துக்கு அதைத் தாண்டிக் குதித்துப் போனார்.

தைத்து மாட்டிய அன்று அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையால் தடவினார். தையல் கோட்டில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லை" என்றார். அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது. இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகள், படிப்பில் முதலாவதாக வந்தபோது அவரிடம் கேட்டதும் இதே வார்த்தைதான். டெய்லரக்காவுக்கு அன்று மனசு நிறைந்துதான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

கார் தயாரானதும் வாங்குபவர்களைக் கூட்டிவரும் பொறுப்பு அவள் தம்பியுடையது. அவன் பழைய கார் புரோக்கர். பெட்ரோல் இல்லாமல் பேச்சிலேயே வண்டியை ஓட்டிக் காட்டிவிடுவான். ஆனால் அவன் கூட்டிவந்தவர்களை எல்லாம் அவன் அத்தான் ஓட்டிவிட்டார். ஒரு பல் டாக்டர் வந்து, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார். "அதைக் கேக்கறவங்களுக்கு இந்த வண்டி ஒத்துவராது" என்று அனுப்பிவிட்டார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விட ஒருவர் வந்தார்.

"பூவை எதுல கட்டுவீங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"டேப்புலதான் சார்."

"பெயின்ட் மேலயா?"

"வேற எது மேல ஒட்டும்?"

அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்னொருவர் எல்லாம் பிடித்து, விலையும் ஒத்துப்போய், போகும்போது கதவைப் படாரென்று சாத்தினார். போச்சு.

"அத்தான், நீங்க காரை விக்கிறீங்களா, இல்ல வாங்க வர்றவங்களுக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்றான் தம்பி.

"தகுதி வேணும்பா."

"எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கேக்கலை."

"அதுதான் அனுபவிக்கறோமே" என்றாள் டெய்லரக்கா, டீயோடு வந்தபடி. இரண்டு பேரும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் காரின் பூர்வீகத்தையும் அவர் சொன்னார். முதலில் வந்தவரிடம், ஒரு வக்கீல் வைத்திருந்த வண்டி என்றார். அடுத்தவரிடம் வக்கீல் நீதிபதியாகிவிட்டார். மூன்றாமவர் டீயை முடிப்பதற்குள் நீதிபதி அரண்மனைக்கே ஆலோசகராகப் போய்விட்டார். அடுக்களையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த டெய்லரக்காவுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு டீக்கு ஒரு பதவி உயர்வு. இன்னும் நாலு பேர் வந்தால் அந்த வக்கீலுக்குச் சிலை வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றது, அவர் சீட்டுக்கு வந்தபோதுதான்.

"சீட்டா? கம்பெனியிலிருந்து வந்தபடி. ஒரு தையல் பிரிஞ்சதில்ல."

அன்றைக்கு அந்த டீயில் சர்க்கரை விழவில்லை. ஆள் போனதும் கேட்டாள்:

"நான் தைச்சதுன்னு சொன்னா என்ன?"

"அது வியாபாரம். உனக்குப் புரியாது."

"புரியற மாதிரிச் சொல்லுங்க."

"சீட்டு வீட்ல தைச்சதுன்னு சொன்னா, அப்ப இன்ஜினும் வீட்லயேதான் பண்ணினதான்னு கேப்பான்."

"பண்ணினது வீட்லதானே? என் குக்கர்லதானே?"

அவர் ஃபிளானல் துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். அவருடைய பள்ளியில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே இடத்தில் சீருடை தைக்கக் கொடுக்க முடிவாகியிருந்தது. டெய்லரக்காவின் தையலை அவர் பல வருஷமாகப் பார்த்தவர். நடையில் கிடந்த மெஷினையும் பார்த்தார். குளியலறைக் கதவையும் பார்த்தார்.

"உங்க கை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தச் சந்துல உக்காந்துக்கிட்டு எப்படித் தைப்பீங்க? கூட ரெண்டு பேரையாவது வச்சுக்கணுமே. இடம் தயார் பண்ணுங்க, நான் வந்து பாக்கறேன். பள்ளி திறக்கறதுக்குள்ள ஆகலைன்னா நான் ரெடிமேட் கடைக்குச் சொல்லிடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

டெய்லரக்கா தப்பாக நினைக்கவில்லை. ஜன்னல் வழியாக ஷெட்டைத்தான் பார்த்தாள். உள்ளே கார் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது, இந்த வீடே தன்னுடையதுதான் என்பது போல.

அந்த வாரக் கடைசியில் தம்பி ஓட்டல் முதலாளி ஒருவரைக் கூட்டிவந்தான். பெரிய உடம்பு, மெல்லிய குரல். பழைய கார்கள் சேர்ப்பவர். ஏறுவதற்கு முன்னால் செருப்பை மிதியடியில் இரண்டு தடவை தேய்த்துக்கொண்டார். கதவை, தூங்குகிற பிள்ளை இருக்கிற அறைக் கதவைப் போலச் சாத்தினார். மைலேஜ் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "நின்னாலும் ஒரிஜினலா நிக்குது" என்று சிரித்தார். சர்வேயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளும் இந்த மனிதருக்காகத்தான் மற்றவர்களை விரட்டினாரோ என்று தோன்றியது. வக்கீலைப் பற்றிக்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. அது தேவைப்படவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். முடிந்த மாதிரிதான். டெய்லரக்கா டீத் தட்டோடு ஷெட் வாசலில் நின்று, மனசுக்குள் பெரிய மெஷினை ஜன்னல் பக்கம் போட்டாள். சின்ன மெஷினை அதற்கு எதிரே போட்டாள். துணி வெட்டும் பலகையை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஓட்டல் முதலாளியின் கட்டைவிரல் பின் சீட்டின் அடி விளிம்பில் போய் நின்றது.

"இந்த இடம் ஏன் இவ்வளவு தடிமனா இருக்கு?"

குனிந்தார். விளிம்பை மெல்லப் புரட்டினார். உள்ளே நான்கு விரல் அகலத்துக்குத் தோல், அழகாக மடிக்கப்பட்டு, பிரிப்பதற்கு வசதியாகத் தளர்ந்த தையல் போடப்பட்டு, வரிசையாகப் படுத்திருந்தது. அவர் அடுத்த சீட்டைப் புரட்டினார். அங்கேயும் நான்கு விரல்.

"ஏங்க," என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு, "இந்தக் கார் இன்னும் வளருமா?"

தம்பி தன் சிரிப்பை இருமலாக மாற்றினான். டெய்லரக்கா தட்டைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். ஐயோ, என் கையே என்று நினைத்தாள். அத்தனை கவனமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தபோதும், கை பாட்டுக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தைப்பதுபோல மடித்துக்கொண்டே போயிருக்கிறது.

"அந்தக் காலத்துல கம்பெனிக்காரன் தாராளமா விடுவான்" என்றார் சர்வேயர்.

"கம்பெனிக்காரன் ஒரு நூல் அகலம் விட மாட்டான் சார். இதே மாடல் எங்கிட்ட ரெண்டு இருக்கு." அவர் குரல் உயரவே இல்லை. "இது பிள்ளைங்களுக்குத் தைக்கிறவங்க கை. நான் குறை சொல்லலை. தையல் அவ்வளவு நேரா இருக்கு. யாரு தைச்சதுன்னு சொல்லுங்க, என் மத்த வண்டிக்கும் அவங்ககிட்டயே குடுக்கறேன்."

"ஒரிஜினல்" என்றார் சர்வேயர்.

"நான் வாங்கத்தான் வந்திருக்கேன். விலையில ஒண்ணும் குறைக்கச் சொல்லலை. தைச்சது யாருன்னு மட்டும் கேக்கறேன்."

டெய்லரக்கா சொல்லியிருக்கலாம். ஐந்தடி தூரத்தில்தான் நின்றாள். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அவர் சொல்லட்டும் என்று நின்றாள். முழு ஷெட்டும் அந்த ஒரு வார்த்தையில் தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியாமல் இல்லை. சர்வேயர் அவளை ஒரு தடவை பார்த்தார். காதுமடல் சிவந்திருந்தது. எதிரே நின்று ஒரிஜினல் ஒரிஜினல் என்று சாதித்த எத்தனையோ பேரின் காதுமடல் அப்படிச் சிவந்ததை அவர் பார்த்திருப்பார்.

"கம்பெனி" என்றார்.

ஓட்டல் முதலாளி எழுந்தார். விளிம்பைப் பழையபடி மடித்து விட்டார். கதவை அதே மாதிரி மெல்லச் சாத்தினார்.

"சீட்டு விஷயத்துலயே இப்படின்னா, இன்ஜினைப் பத்தி நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது?" என்றார். "டீ வேண்டாம்மா. இன்னொரு நாள் வர்றேன்."

அவர் கார் தெருமுனை தாண்டியது. பிறகு சர்வேயர் திரும்பினார்.

"யாரு உன்னை உள்ள விட்டுத் தைக்கச் சொன்னா?"

"கைப்பழக்கம்."

"பழக்கமாம்! கார் என்ன பிள்ளையா, வளர்றதுக்கு?"

"வளர்ந்துக்கிட்டுதானே இருக்கு" என்றாள் அவள். "ஷெட்டுல ஆரம்பிச்சுது. கட்டிலுக்குக் கீழ வந்துச்சு. பீரோவுல ஏறிச்சு. என் குக்கர் வரைக்கும் வந்திருச்சு. நான் விட்டது நாலு விரல். பத்தாது."

தம்பி இந்த முறை இருமவில்லை.

இரண்டு நாள் கழித்து சர்வேயர் மறுபடியும் வெளியூர் கிளம்பினார். சிகரெட் பற்றவைக்கும் குமிழ் ஒன்று அசலாக ஒரு இடத்தில் இருப்பதாகத் தகவல். அவர் பஸ் ஏறியதும் டெய்லரக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"காரைத் தள்ளணுமாக்கா? எங்க தள்ளறது? வெளியில விட்டா அத்தான் என்னைக் கொன்னுடுவாரு."

"எங்கயும் தள்ள வேண்டாம். அது நிக்கட்டும். நீ மெஷினைப் பிடி."

பெரிய மெஷின் ஜன்னலுக்கு அடியில் போயிற்று. இடது பக்கத்திலிருந்து வெளிச்சம், கொத்தனாரிடம் சொன்னபடியே, துணியில் விழுந்தது. சின்ன மெஷினைக் காரின் வால்பக்கம் போட்டாள். முன்னால், நீண்டு பரந்து கிடந்த பானெட்டின் மேல் இரண்டு கம்பளியை மடித்து விரித்து, அதற்கு மேல் ஃபிளானல் ஒன்றை விரித்து, துணி வெட்டும் பலகையை வைத்தாள். அவள் இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. நூல்கண்டுகள் டாஷ்போர்டில் வரிசையாக நின்றன. ஊசிகளும் பொத்தான்களும் சாம்பல் கிண்ணத்தில் இறங்கின. அந்த மூடிக்காக ஒரு மனிதர் இரவெல்லாம் பஸ்ஸில் போனது வீண்போகவில்லை. பின் சீட்டு ஜன்னல்களின் திரையை இழுத்துப் பார்த்தாள். நன்றாக மூடின.

"அளவு போட்டுப் பாக்க இடம் ஆச்சு" என்றாள்.

"அக்கா, உனக்குப் பயமே இல்லையா?"

"இருக்கு. அந்தப் பக்கம் பிடி."

டெய்லரக்கா சொல்லி அனுப்பியதும் தலைமையாசிரியை மத்தியானம் வந்தார். கூடவே, மாதிரிக்குத் தைத்த புதுச் சீருடையைப் போட்டுப் பார்க்க ஒரு ஆசிரியையும் அந்த ஆசிரியையின் மகளும். தாயும் மகளும் திரைக்குப் பின்னால் பின் சீட்டில் ஏறினார்கள். உடுத்தி முடித்தபோது அந்த மகளுக்கு இறங்கவே மனமில்லை. பிறகு தலைமையாசிரியையும் ஏறி உட்கார்ந்தார். மெத்தையில் காலை வைத்தார். மடக்கு மேஜையைத் திறந்து தன் மூக்குக் கண்ணாடியை அதில் வைத்தார். ஒரு நிமிஷம் கண்ணை மூடி, பள்ளிக்கூடம் இல்லாத ஏதோ ஓரிடத்துக்குப் போய்வந்தார்.

"இந்தச் சீட்டு யார் தைச்சது?"

"நான்தான் டீச்சர்."

அவர் கை, பிள்ளைகளின் பாவாடை விளிம்பைப் புரட்டிப் பார்த்தே பழகிய கை, தானாகச் சீட்டின் அடி விளிம்புக்குப் போயிற்று. புரட்டிப் பார்த்தார்.

"உள்ள விட்டிருக்கீங்களே!"

"விட்டிருக்கேன்."

"அதானே, உங்க தையல்ல விடாம இருக்குமா?" அவர் இறங்கினார். ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். காரை அங்கே நிற்கிற ஒரு பீரோவைப் போலவே பார்த்தார். "இடம் நல்லாருக்கு. திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைங்களை அளவு எடுக்க அனுப்பறேன். வகுப்பு வகுப்பா வருவாங்க. அந்தத் திரை ரொம்ப வசதி."

சர்வேயர் சாயங்காலம் குமிழோடு வந்தார். ஷெட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு வாசலில் நின்றார். திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருத்தி புது ரவிக்கையின் கையை இழுத்து விட்டபடி அவருடைய காரிலிருந்து இறங்கினாள். "அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இது என்ன?" என்றார்.

"ஷெட்டு" என்றாள் டெய்லரக்கா, நிமிராமல்.

"பானெட்டு மேல என்னது?"

"பலகை. அடியில ரெண்டு கம்பளி, ஒரு ஃபிளானல். அலசி நிழல்ல காயப்போட்டது."

அவர் பையை வைத்தார். பலகையை ஒரு ஓரமாகத் தூக்கி, ஃபிளானலையும் கம்பளியையும் நீக்கினார். குனிந்து, கன்னம் பெயின்ட்டில் படுகிற அளவுக்கு முகத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் மறுபடி பார்த்தார். அவர் பார்க்காத கீறல் உலகத்தில் இல்லை. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. கம்பளியைப் பழையபடி விரித்துப் பலகையை இறக்கினார். இறக்கும்போது அது நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒரு அங்குலம் நகர்த்தியும் வைத்தார்.

"பள்ளிக்கூடத்து வேலை கிடைச்சிருச்சு" என்றாள் அவள். "திங்கட்கிழமை பிள்ளைங்க வராங்க."

"எல்லாப் பிள்ளைங்களுமா? இதுலயா?"

"வகுப்பு வகுப்பா."

அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். நூல்கண்டுகளுக்கு நடுவே இடம் தேடிக் குமிழைப் பொருத்தினார். சரியாகப் பொருந்தியது. பார்ப்பதற்கு யாரும் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோன கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்ணாடியில் தெரிந்த அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"வழியில உன் தம்பி போன் பண்ணினான். அந்த ஓட்டல்காரர் மறுபடி விசாரிச்சாராம். வண்டி மனசுல நிக்குதாம். ஞாயித்துக்கிழமை வர்றேங்கறாராம்."

மெஷின் நின்றது. டெய்லரக்கா பற்களால் நூலைக் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த சீருடையை உதறி, தோளோடு தோள் சேர்த்து மடித்தாள்.

"வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாரு, சீட்டை யாரு தைச்சாங்கன்னு" என்றார் அவர். ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் இருந்தன, எங்கோ ஓட்டிக்கொண்டு போகிறவர் மாதிரி. "கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவள் மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சாம்பல் கிண்ணத்தின் மூடியைச் சாத்தினாள். விளக்கை அணைக்கவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன சொல்லட்டும்?"

அடுக்கை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போனாள்.